ஜேசுபாதத்துக்குக் கிடைத்த அரை நாள்

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் ஸ்பீடு போட் ஓட்டிவந்த ஜேசுபாதத்தைப் பற்றி அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சாத்தான்குளத்துக்காரர், சிலோனில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர், தனி ஆள். சத்தத்தைக் கேட்டே என்ஜினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். திரேஸ்புரத்தில் பேச்சித்தாய் என்கிற மீன் வியாபாரியின் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் குடியிருந்தார்.

படகு சங்கரலிங்கம் அண்ணாச்சியுடையது. கப்பல் ஏஜென்ட் அவர். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதற்காக அதை வாங்கியிருந்தார். சனிக்கிழமைகளில் அதே படகு சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்குப் போகும். அதிகம் போனால் ஆறு பேர். காலை ஆறரைக்குக் கிளம்பி வான் தீவு, காசுவார் தீவு இரண்டிலும் இறக்கிக் காட்டிவிட்டுப் பன்னிரண்டு மணிக்குள் கரைக்குக் கொண்டுவந்து விட வேண்டும். ஜேசுபாதம் நாலு வருஷமாக அதைச் செய்துவந்தார். ஒரு தடவைகூடப் பன்னிரண்டைத் தாண்டியதில்லை.

1978ஆம் வருஷம் மார்ச் மாதம் ஏஜென்ட் ஆபீசுக்கு அவர் பெயரில் ஒரு கடிதம் வந்தது.

"ஜேசுபாதம், ஒமக்கு சிலோன்ல இருந்து காயிதம் வந்திருக்கு" என்று அண்ணாச்சி மேஜைமேல் தள்ளினார். "அங்கன இன்னும் ஆளு இருக்கோ?"

"தெரிஞ்சவங்க இருக்காங்க அண்ணாச்சி."

உறையின் மேல் இருந்த கையெழுத்து பிளாரன்சுடையது. அவருடைய மனைவியாக இருந்தவள்.

ஜேசுபாதம் பதினாறு வயதில் கொழும்புக்குப் போனவர். அங்கே படகு என்ஜின் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு, அதிலேயே பெரிய மெக்கானிக் ஆனார். வெள்ளவத்தையில் கோயிலுக்குப் போகிற இடத்தில் பிளாரன்சைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம், பள்ளிக்கூடத்தில் டீச்சர். 1966இல் கல்யாணம் ஆயிற்று. 69இல் ஒரு பெண் குழந்தை. ஷிராணி என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்தப் பெயர் அவர் வாயில் சரியாக உட்காரவில்லை. அவர் மட்டும் செல்வி என்று கூப்பிட்டார்.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்த மாதத்தில் அவருக்குத் தங்கும் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. அவர் இந்தியப் பிரஜை. பிளாரன்சும் குழந்தையும் அந்த நாட்டுப் பிரஜைகள். பிளாரன்சின் அம்மா பாரிச வாதத்தில் படுக்கையாகக் கிடந்தாள்; அவளை விட்டுவிட்டு உடனே கிளம்ப முடியாது. முதலில் அவர் போய் ஒரு வேலையையும் வீட்டையும் பார்ப்பது, பிறகு அவர்கள் வருவது என்று முடிவு செய்துகொண்டார்கள். ஆறு மாதம் என்று பேச்சு.

ஆறுமுகநேரியில் ஒரு கம்பெனிப் பட்டறையில் வேலை கிடைத்தது. கடிதங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. கிழவி படுக்கையில்தான் இருந்தாள். இரண்டரை வருஷம் ஆன பிறகு ஒருநாள் கம்பெனியில் ஆட்குறைப்பு என்றார்கள். ஜேசுபாதத்தின் பெயர் பட்டியலில் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததற்கு அவரிடமே காரணம் இல்லை. வேலை போய்விட்டது என்று பிளாரன்சுக்கு எழுதக் கூச்சமாக இருந்தது. இன்னொரு வேலை கிடைத்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தார். தகரப்பெட்டியை, அவருடைய தபால்களும் வந்துகொண்டிருந்த மாசானம் என்பவரின் டீக்கடையில் வைத்துவிட்டு, வேம்பார்ப் பக்கம் போய், கிடைத்த படகு என்ஜினைப் பழுது பார்த்துக்கொண்டு, வலைக்கொட்டகைகளில் படுத்துக்கொண்டு இருந்தார். ஒரு மாதம் எழுதவில்லை. இரண்டாவது மாதம் எழுத இன்னும் கூச்சமாக இருந்தது. இப்படிப் பத்து மாதம் போயிற்று.

73 ஜூனில் பெட்டியை எடுக்க ஆறுமுகநேரிக்குப் போனார். மாசானம் ரேடியோவுக்குப் பின்னால் கைவிட்டு மூன்று கடிதங்களை எடுத்தார்.

"எங்கய்யா போயிட்டீரு? ஒம்ம விலாசம் யாருக்குத் தெரியும்? வந்தா குடுப்பம்னு வச்சிருந்தேன்."

முதல் கடிதம் முந்தின அக்டோபரில் எழுதியது. அம்மா இறந்துவிட்டாள், இனி இங்கே என்னைக் கட்டிவைக்க ஒன்றும் இல்லை, நான் பிள்ளையோடு வரட்டுமா என்று கேட்டிருந்தாள். இரண்டாவது டிசம்பரில் எழுதியது. அதிலும் வரட்டுமா என்றுதான். மூன்றாவதில் ஒரே வரி: உயிரோடு இருக்கிறீர்களா என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

ஜேசுபாதம் அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே பதில் எழுதினார். நடந்ததை எல்லாம் எழுதி, வா என்றார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "எட்டு மாதம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தபால்காரனைப் பார்த்து நின்றேன். இன்னொரு முறை அப்படி நிற்க என்னால் முடியாது. வரமாட்டேன்" என்று இருந்தது. கோபமாக ஒரு வார்த்தை இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் கெஞ்சியிருப்பார்.

75இல் கொழும்பு வக்கீல் ஒருவர் மாசானத்தின் கடை விலாசத்துக்கு விவாகரத்துத் தாள்களை அனுப்பினார். ஜேசுபாதம் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். பிளாரன்ஸ், ஹென்றி என்று ஒருவரைக் கட்டிக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டார். ஹென்றியின் குடும்பம் சாத்தான்குளத்துக்குப் பக்கத்து நாசரேத்திலிருந்து கொழும்புக்குப் போனது என்றும் சொன்னார்கள்.

இப்போது மூன்று வருஷத்துக்குப் பிறகு இந்தக் கடிதம்.

"ஏப்ரல் விடுமுறையில் நாங்கள் மூவரும் நாசரேத்துக்கு வருகிறோம். ஹென்றியின் தங்கை அங்கே இருக்கிறார். நீங்கள் படகு ஓட்டுவதைக் கொழும்புக்கு வந்த தோணிக்காரர் ஒருவர் சொன்னார். பிள்ளையை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று சொன்னவர் ஹென்றி. பதினைந்தாம் தேதி சனிக்கிழமை உங்கள் படகைப் பேசியிருக்கிறோம்.

"ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இறந்துவிட்டதாகப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். ஹென்றி வீட்டாருக்கும் அப்படித்தான் சொன்னோம். விதவை என்றால் ஏற்றுக்கொள்கிறார்கள், மற்றதை ஏற்றுக்கொள்வதில்லை. உங்கள் பெயர் பிள்ளைக்குத் தெரியும். அதனால் அன்றைக்கு வேறு பெயர் சொல்லுங்கள். உங்களுக்கு இதில் சம்மதமில்லை என்றால் வேறு யாராவது படகு ஓட்டட்டும். நான் தவறாக நினைக்கமாட்டேன்."

ஏப்ரல் பதினைந்து காலை ஆறு மணிக்கே ஜேசுபாதம் படகைக் கழுவி, இருக்கைகளைத் துணியால் துடைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் யாரும் இல்லாத வடக்கு ஓரத்தில் கட்டிவைத்திருந்தார். புதுச் சட்டை போட்டார். பிறகு அது வேண்டாம் என்று வேலைச் சட்டையையே மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

வாடகைக் காரிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். ஹென்றி முன்னால் வந்து கையை நீட்டினார். கொஞ்சம் பருமனான, கண்ணாடி போட்ட மனிதர். பிடித்த கையை அவர் சீக்கிரம் விடவில்லை. பின்னால் அவருடைய தங்கை இன்பமணி, அவள் புருஷன் தேவபிரசாதம் என்கிற பள்ளி ஆசிரியர். பிளாரன்ஸ் கடைசியில் வந்தாள். முன்னந்தலையில் நரை தெரிந்தது. அவள் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

பிள்ளை நீலக் கவுனும் இரட்டைச் சடையுமாக ஓடிவந்தது. வலது காலைச் சற்று வெளிப்பக்கம் வைத்து நடந்தது. அது அவருடைய நடை.

படகில் இறங்க அதற்குப் பயமாக இருந்தது. ஜேசுபாதம் இரண்டு கையாலும் தூக்கிப் படகுக்குள் வைத்தார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"உங்கட பேர் என்ன அங்கிள்?"

"இனிகோ" என்றார். பக்கத்துத் தெருவில் வலை பின்னுகிற ஒருவரின் பெயர் அது. அதுதான் வாயில் வந்தது.

துறைமுகச் சுவரைத் தாண்டியதும் வேகத்தைக் கூட்டினார். ஏப்ரல் மாதத்துக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அமைதியாகக் கிடந்தது. இன்பமணி முகத்தில் தண்ணீர் தெறிக்கும்போதெல்லாம் "யப்பா!" என்று கத்திச் சிரித்தாள். வான் தீவு பச்சைக் கோடாகத் தெரிந்தபோது பிள்ளை எழுந்து, நுரையைத் தொடுவதற்காகப் பக்கவாட்டில் குனிந்தது. அப்போது ஒரு தோணி கிளப்பிய அலையில் படகு தூக்கிப் போட்டது.

"செல்வி!" என்று கத்திவிட்டார் ஜேசுபாதம்.

பிள்ளை திரும்பவில்லை. அது தன் பெயர் என்று அதற்குத் தெரியாது. ஹென்றி எட்டிக் கவுனைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பிளாரன்ஸ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

"ஆரு செல்வி?" என்று கேட்டது பிள்ளை.

"எம் மக. பதட்டத்துல அந்தப் பேருதான் வந்துட்டு."

"எத்தினை வயசு?"

"ஒம்பது."

"எனக்கும் ஒன்பது! அவவும் இந்த போட்டில வாறவவோ?"

"இல்லம்மா. தூரத்துல படிக்கா."

வான் தீவில் இறங்கிய பிறகு மற்றவர்கள் சங்கு பொறுக்கப் போனார்கள். கூர்கூரான பவளச் சல்லி காலைக் குத்துகிறது என்று இன்பமணி மட்டும் படகின் பக்கமே ஒரு புதர் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். பேச ஆள் வேண்டும் அவளுக்கு.

"அந்தப் பிள்ளையப் பாத்தியளா? எங்க அண்ணன் பெத்ததில்ல. ஆனா பெத்த மாதிரிதான் வச்சிருக்காவ. பெத்தவரு அது கைப்பிள்ளையா இருக்கும்போதே செத்துட்டாராம். காய்ச்சல்னு சொல்லுதாவ. பாவம், எங்க மதினி எவ்வளவு கஷ்டப்பட்டாளோ."

"ஆமா, பாவம்" என்றார் ஜேசுபாதம். நங்கூரக் கயிறு சரியாகத்தான் இருந்தது. அவர் அதை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை கவுன் மடி நிறையச் சங்கோடு வந்து, என்ஜின் மூடியைத் திறந்து காட்டச் சொன்னது. அவர் திறந்தார். இது பெட்ரோல் வருகிற குழாய், இதுதான் தீப்பொறி உண்டாக்குகிற பிளக் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிள்ளை ஒரு விரலை நீட்டி எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டு மோந்து பார்த்தது.

"என்ர அப்பாவுக்கும் இந்த வேலை தெரியுமாம். ஹென்றி டாடி இல்லை, முதல் அப்பா. அவர் செத்திட்டார்."

ஜேசுபாதம் பிளக்கைத் துணியால் துடைத்தார்.

"அம்மா சொன்னவ, அவர் எந்த என்ஜினையும் திருத்துவாராம். நல்லவராம். ஆனா எனக்கு முகம் ஞாபகமில்லை. போட்டோவும் இல்லை. அம்மா எல்லாத்தையும் தவற விட்டிட்டா."

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மூடியைப் போட்டார்.

காசுவார் தீவில் தண்ணீர் முழங்கால் அளவுதான். தரை தெரியும். சின்னச் சின்ன நீல மீன்கள் காலைச் சுற்றி ஓடும். ஹென்றி, "எல்லாரும் வாங்க, அங்கன மீன் நிறையத் தெரியுதாம்" என்று தங்கையையும் அவள் புருஷனையும் பிள்ளையையும் வேண்டுமென்றே தூரமாகக் கூட்டிக்கொண்டு போனார். படகின் பக்கத்தில் பிளாரன்சும் ஜேசுபாதமும் நின்றார்கள். எட்டு வருஷத்தில் முதல் தடவை.

"மெலிஞ்சு போனியள்" என்றாள்.

"கடல்லயே கெடக்கேன்லா."

"அந்த மூண்டு கடிதத்தையும் வச்சிருக்கிறியளோ?"

"வச்சிருக்கேன்."

"கிழிச்சுப் போடுங்கோ."

பிளாரன்ஸ் தண்ணீரைக் காலால் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "நீங்கள் செத்திட்டீங்கள் எண்டு சொன்னது பிழைதான். வேற என்னத்தைச் சொல்லுறது? கடிதம் போடாமல் விட்டவர் எண்டு சொன்னால் அவள் உங்களை வெறுத்திருப்பாள்."

"நீ சொன்னதுதான் சரி" என்றார் ஜேசுபாதம். "செத்தவன்மேல பிள்ளைக்குக் கோவம் வராதுல்லா."

பிளாரன்ஸ் அழுதாள். சத்தமில்லாமல், அலையைப் பார்த்துக்கொண்டு. அவர் கையை நீட்டப் போய், பிறகு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து, ஹென்றி நல்ல மனுஷனா என்று கேட்டார். ஓம் என்றாள். பிள்ளையை அடிப்பாரா என்றார். ஒருநாளும் இல்லை என்றாள். அதற்குமேல் கேட்க அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எட்டு வருஷமாக எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தார். நேரில் வந்தபோது இந்த இரண்டு கேள்விதான் இருந்தது.

திரும்பும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. நேராக வந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் கரை. ஜேசுபாதம் தெற்கே திருப்பி, முயல் தீவைச் சுற்றிக்கொண்டு வந்தார். வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். பிள்ளை ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும் என்றது. அவர் அதைத் தனக்கு முன்னால் நிறுத்தி, அதன் கைகளைச் சக்கரத்தில் வைத்து, மேலே தன் கைகளை வைத்துக்கொண்டார். தலைமுடி அவர் தாடையில் பட்டது. உப்பும் தேங்காயெண்ணெயும் மணத்தது.

"நான் நல்லா ஓட்டுறனோ?"

"நல்லா ஓட்டுதம்மா."

தேவபிரசாதம் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். "நாசரேத் போய்த்தானே சாப்பாடு" என்றார். "போலாம் மச்சான், என்ன அவசரம்?" என்றார் ஹென்றி.

கரைக்கு வந்தபோது மணி ஒன்று. பிள்ளையை அவர்தான் மேலே தூக்கிவிட்டார். இன்பமணி, நாசரேத் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வரவேண்டும் என்று தெரு அடையாளம் எல்லாம் சொன்னாள். பிளாரன்ஸ் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை மட்டும் பாதித் தூரம் போய்த் திரும்பி ஓடிவந்தது.

"போயிட்டு வாறன் இனிகோ அங்கிள். செல்வியை நான் கேட்டதாச் சொல்லுங்கோ."

"சொல்லுதேம்மா" என்றார்.

ஏன் ஒரு மணி நேரம் தாமதம் என்று அண்ணாச்சி கேட்டதற்கு என்ஜின் மக்கர் பண்ணியது என்று சொன்னார். அவர் சொல்லி அண்ணாச்சி நம்பாமல் இருப்பாரா?

ஆகஸ்டு மாதம் ஒருநாள் ஜேசுபாதம் கையில் ஒரு பொட்டலம் சீலாக் கருவாடோடு நாசரேத்துக்கு பஸ் ஏறினார். "இந்தப் பக்கம் ஒரு சோலி இருந்தது" என்று இன்பமணி வீட்டில் போய் நின்றார். அவளுக்கு ஒரே சந்தோஷம். பேச்சு தானாக அண்ணன் குடும்பத்துக்கு வந்தது. ஷிராணி அத்தைக்கு எழுதிய கடிதத்தை எடுத்துவந்து சத்தமாக வாசித்துக் காட்டினாள். கணக்கில் முதல் மதிப்பெண், நாய் ஒன்று வளர்க்கிறாள், ஒரு பல் விழுந்துவிட்டது. ஜேசுபாதம் காப்பியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவருக்கு நாசரேத் பக்கம் சோலி இருந்தது. அங்கே அவர் இனிகோதான். இனிகோ என்றால் ஆர்.சி. கத்தோலிக்கர்தானே, எங்கள் புராட்டஸ்டண்ட் கோயில் பண்டிகைக்கு வருகிறாரே என்று தேவபிரசாதம் ஒரு தடவை கேலி செய்தார்.

79 செப்டம்பரில் ஹென்றியிடமிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தது. ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு போகிறோம் என்று இருந்தது. பிள்ளையை அவர் முறைப்படி தத்து எடுத்தால்தான் கூட்டிக்கொண்டு போக முடியும். அதற்குப் பெற்ற தகப்பனின் சம்மதப் பத்திரம் வேண்டும். "இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். நீங்கள் மறுத்தால் நாங்கள் போகவில்லை" என்று எழுதியிருந்தார்.

தாளை வாங்கிப் படித்த தூத்துக்குடி வக்கீல், "யோசிச்சு செய்யுங்க. இதுல கையெழுத்துப் போட்டா, சட்டப்படி ஒங்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒட்டு ஒறவு கிடையாது" என்றார்.

"வாசிச்சுக் காட்டுங்க சார்."

ஷிராணியின் தகப்பனாகிய ஜேசுபாதம் என்னும் நான் என்று அது தொடங்கியது. அந்த முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

கிறிஸ்துமஸ் முடிந்து நாசரேத்துக்குப் போனபோது இன்பமணி வாசலிலேயே செய்தியைச் சொன்னாள். "எல்லாரும் ஆஸ்திரேலியா போறாவ! என்னமோ ஒரு தாள் கிடைக்காம தடங்கலா இருந்துச்சாம், ஆண்டவர் கிருபை, அதுவும் வந்துட்டாம். ஜனவரி பத்தாம் தேதி பிளேன்."

"சந்தோசம்" என்றார் ஜேசுபாதம். "ரொம்ப சந்தோசம்."

"நீங்களும் அதிசயமான மனுஷந்தான். யாரு பெத்த பிள்ளைக்கோ இம்புட்டு சந்தோசப்படுதிய" என்று சொல்லிக்கொண்டே அவள் முறுக்கு எடுக்க உள்ளே போனாள்.

ஜனவரி பத்தாம் தேதி ஜேசுபாதம் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பினார். மீன் வியாபாரம் முடிந்து பத்து மணிக்கு வீடு திரும்பிய பேச்சித்தாய்க்குப் பின்கட்டிலிருந்து சத்தம் கேட்டது. ஆறு வருஷமாக அங்கே குடியிருக்கிற மனிதர் அழுது அவள் கேட்டதே இல்லை. கதவைத் தட்டினாள்.

"என்ன அண்ணே, யாருக்கு என்ன?"

உள்ளே அழுகை சற்று அடங்கியது. பிறகு, "எம் மக ஊருக்குப் போயிட்டா" என்றார்.

அவருக்கு மகள் ஒருத்தி உண்டு என்பதே பேச்சித்தாய்க்கு அதுவரை தெரியாது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, சாத்திய கதவுக்கு வெளியே, அவர் அழுது முடிக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.